சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கு



1781-ஆம் ஆண்டில் தென்னாட்டில் நிகழ்ந்தது யாது என்று தேர்வில் வினவினால், பரங்கிப்பேட்டைப் போர் என்று விடை எழுதுவீர்கள். ஐதர் அலியின் படைக்கும் கும்பினியின் படைக்கும் நடந்த அப்போரைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதில் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே காலத்தில், தஞ்சைக் கோட்டைக்குள்ளே மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. அதற்குப் பாடப் புத்தகத்தில் இடமில்லை. பீரங்கி முழங்காத நிகழ்ச்சிகளுக்குப் பாடப் புத்தகங்களில் இடம் கிடைப்பது அரிது. முப்பத்தைந்து ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற உரிமையோடு, இன்று அதனைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ஐதரின் குதிரைப் படை காவிரி வளநாட்டைச் சூறையாடியிருந்தது. ஊர்கள் எரிந்தன. உழவர்கள் அடைக்கலம் தேடித் தஞ்சைக்கு ஓடி வந்தார்கள். கோட்டைக்குள் கும்பினியின் சிப்பாய்கள் பெருந்தொகையாக இருந்தனர். அவர்கள் உண்ணத் தானியம் இல்லை. பசியால் சிப்பாய்கள் காவல் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் தெருவோரங்களில் பிணங்கள் கிடந்தன. இத்தனைக்கும் நாட்டுப் புறத்தில் நெல் அறவே இல்லாமற் போய்விடவில்லை. இருந்த நெல்லைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள்தாம் கிடைக்கவில்லை. மாடு வைத்திருந்த குடிகள் மாடு தர மறுத்தார்கள். ஏன் மறுத்தார்கள்? முன்பு மன்னரின் அதிகாரிகள் மாட்டையும் நெல்லையும் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கவில்லை. கும்பினி அதிகாரிகளும் கொடுக்கவில்லை. இருமுறை ஏமாந்தவன் மூன்றாம் முறை கை நீட்டமாட்டான் அல்லவா?

அப்போது தஞ்சை மன்னராக இருந்தவர் மராட்டிய மரபினரான துளஜா. அவர் கும்பினியைச் சேர்ந்த பெரிய மனிதர் ஒருவரிடம், நம் இருவர் சொல்லையும் நாட்டில் யாரும் நம்பமாட்டார்கள், சுவார்ட்ஸ் ஐயர் சொல்லையாவது நம்புகிறார்களா என்று பார்க்கலாம் என்ற கருத்துப்படப் பேசினார். தம் நாட்டில் தம் வாக்குக்கு மதிப்பில்லை என்று ஒரு மன்னரே ஒப்புக்கொள்வது எளிய செய்தியன்று. பிறகு, எழுத்தே இல்லாத வெற்றுத் தாள் ஒன்று சுவார்ட்ஸிடம் கொடுக்கப்பட்டது. குடிகளோடு எந்த ஒப்பந்தத்தை வேண்டுமானாலும் அவரே அதில் எழுதிக்கொள்ளலாம்!

அந்தத் தாளைப் பெற்றவரிடம் படை இல்லை, நிலம் இல்லை, பட்டமும் இல்லை. வயதோ ஐம்பதைக் கடந்திருந்தது. ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவக் குரு அவர். அவர் நான்கு திசையிலும் ஓலை போக்கினார். கொண்டுவரும் மாடு உயிரோடிருந்தாலும் செத்தாலும், ஒவ்வொரு மாட்டுக்கும் உரிய பணத்தை என் கையாலேயே கொடுப்பேன் என்று உறுதி கூறினார். ஓரிரண்டு நாளுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. அவருடைய உபதேசியாரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிருக்கு அஞ்சாமல் நாட்டுப்புறம் சென்று, 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். கலம் என்பது இக்காலத்து மாணவர்களுக்குத் தெரியாத அளவை. பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம் என்று உங்கள் பாட்டனாரைக் கேட்டால் சொல்வார். கோட்டை பிழைத்தது. வந்தவர்கள் எல்லாருக்கும் சுவார்ட்ஸ் பணத்தைக் கொடுத்து, அன்பு காட்டி, வீட்டுக்கு அனுப்பினார். பின்னும் ஒருமுறை இத்தகைய நெருக்கடி நேர்ந்தபோது இதே மனிதரின் இதே வாக்குத்தான் கோட்டையைக் காத்தது.

ஒரு மனிதருடைய சொல்லுக்கு இவ்வளவு பெறுமதி எப்படி வந்தது? ஒரே நாளில் வந்ததன்று. முப்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்தது அது. அந்த முப்பது ஆண்டுகளையும் நாம் சற்றுப் பார்க்க வேண்டும்.

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டில் பிரஷ்யாவைச் சேர்ந்த சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. தாயார் இளமையிலேயே இறந்துவிட்டார். இந்த மகனை இறைபணிக்கென்று நேர்ந்துகொண்டதாகக் கணவரிடமும் தம் குருவிடமும் சொல்லிவிட்டு அந்த அம்மையார் கண்மூடினார். பிள்ளை வளர்ந்து ஹாலே பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அந்நாளில் ஹாலே நகரத்தில் தமிழ் தெரிந்த ஜெர்மானியர் ஒருவர் இருந்தார் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். தமிழகத்தில் பணிபுரிந்து திரும்பிய பெஞ்சமின் சூல்ச் என்பவரே அவர். தமிழ் விவிலியத்தை அச்சிடும் முயற்சியில் அவர் ஈடுபட்டிருந்தபோது, அவரிடம் இளைஞர் சுவார்ட்ஸ் தமிழ் எழுத்துகளைக் கற்றார். தந்தையின் சொத்தில் தமக்குரிய பங்கை உடன்பிறந்தார்க்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

1750-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அங்கே டேனிஷ்காரரின் கோட்டையும், 1706-இல் சீகன்பால்கு தொடங்கிய திருப்பணியும் இருந்தன. வந்த நான்கே திங்களில், நவம்பர் மாதம், சீகன்பால்கு கட்டிய கோயிலில் தமிழில் அருளுரை ஆற்றினார் சுவார்ட்ஸ். பின்னர்ப் பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி, போர்ச்சுகீசியம், ஆங்கிலம் என்று ஒவ்வொன்றாகக் கற்றார். எவரிடம் பேச வேண்டியிருந்ததோ அவருடைய மொழியைக் கற்றுக்கொண்டு பேசுவது அவர் வழக்கம். துளஜா மன்னரோடு பேசவே மராத்தி கற்றார். மொழி கற்பதைத் தண்டனையாக எண்ணும் மாணவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு அவர் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். அங்கே அவர் வாழ்ந்த வாழ்வைக் கண்ணாற் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். நாட்டார் ஒருவருடைய பழைய கட்டடத்தில் ஓர் அறை. அதில் ஒரு கட்டில் போட்டால், பிறகு அவர் நிற்க மட்டுமே இடமிருக்கும். அறைக்குள் நிமிர்ந்து நிற்கக்கூடியவர் சிலரே. உணவு சோறும் நம் நாட்டு முறையில் சமைத்த காய்கறியும். உடுப்பு கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. வருவாய் மாதம் பத்து வராகன். அக்கால ஆங்கில நாணயத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 48 பவுன். அதே ஊரில் இருந்த கும்பினி அலுவலர்கள் பல்லக்கும் பரிவாரமுமாகத் திரிந்த காலம் அது. இந்தியாவுக்கு வந்து பத்தாண்டில் பெருஞ்செல்வராகித் திரும்புவதே ஐரோப்பியர் பலருடைய நோக்கமாக இருந்தது. லஞ்சமும் பரிசும் ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாமல் கலந்துவிட்ட காலம். கோட்டையிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களுக்குக் குருவாகப் பணியாற்றியதற்காகச் சென்னை அரசாங்கம் சுவார்ட்ஸுக்கு ஆண்டுக்கு நூறு பவுன் ஊதியம் தந்தபோது, அதில் பாதியைத் திருப்பணிக்கே கொடுத்துவிட்டார். மணம் செய்துகொள்ளவில்லை. 

தன்னடக்கம் என்ற சொல்லைக் கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாழும் ஒருவர் நம் மனக்கண்ணில் தோன்றுகிறார். அவரைப் பார்த்தவர்கள் அப்படி எழுதவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். முதன்முதலில் அவரைக் காணப் போன ஓர் ஆங்கிலேயர், கடுகடுத்த துறவி ஒருவரை எதிர்பார்த்துப் போய், மலர்ந்த முகமும் இனிய பேச்சும் உடையவரைக் கண்டு வியந்ததாகக் குறித்திருக்கிறார். தம் ஆசையை அடக்கியவர் பிறர் மகிழ்ச்சியை அடக்க முற்படவில்லை.

1764-இல் கும்பினிப் படை மதுரையை முற்றுகையிட்டபோது காயமுற்றோர்க்குப் பணி செய்யச் சென்றார். மருதநாயகம் என்று நாம் அறியும் யூசுப் கான் எதிர்த்து நின்ற முற்றுகை அது. 1766-இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஒரு கோயில் எழுந்தது. 1769-இல் துளஜா மன்னரை முதன்முறை கண்டார். 1778-இல் தஞ்சையிலேயே தங்கிவிட்டார்.

இனி, ஐதரிடம் அவர் தூது சென்ற கதை. 1779-ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னராக இருந்த தாமஸ் ரம்போல்டு இவரை அழைத்து, சீரங்கப்பட்டணம் சென்று கும்பினி சமாதானத்தையே விரும்புகிறது என்று ஐதரிடம் தெரிவிக்கும்படி வேண்டினார். ஏன் ஒரு குருவை அனுப்ப வேண்டும்? மற்ற எவரை அனுப்பினாலும் ஐதர் நம்பமாட்டார் என்பதனால்தான். சுவார்ட்ஸ் தயங்கினார், இறுதியில், போரைத் தடுக்கும் வழி ஒன்று உண்டென்றால் மறுப்பது தகாது என்று இசைந்தார். ஜூலைத் திங்களில் புறப்பட்டுக் கரூர் வழியாகக் கஜலட்டிக் கணவாயில் ஏறி, ஆகஸ்டில் சீரங்கப்பட்டணத்தை அடைந்தார்.

அங்கே தாம் கண்டவற்றை அவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய பகுதி அது. எழுதவும் படிக்கவும் அறியாத ஐதர், பல எழுத்தர்களைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஆணைகளைச் சொல்லிக்கொண்டே போவார், எதையும் மறக்கமாட்டார். தவறு செய்த அதிகாரிக்குச் சவுக்கடி. எவ்வளவு உயர்ந்த அதிகாரியானாலும் அதற்கு விலக்கில்லை. அத்தகைய அரசர் சுவார்ட்ஸைத் தம் பக்கத்தில் அமரச் செய்து மரியாதையோடு பேசினார். கும்பினி செய்த தீங்குகளை ஒன்றொன்றாக எடுத்துக் கூறினார். பாதிரியாரின் சொல்லை ஐயுறவில்லை. அவரை அனுப்பியவர்களின் சொல்லைத்தான் ஐயுற்றார்.

ஐதரின் ஐயம் பொய்யன்று. கும்பினி அந்த ஆண்டிலேயே மாகியைப் பிடித்திருந்தது. குண்டூர்ப் பகுதியிலும் கை வைத்திருந்தது. வாயில் சமாதானமும் கையில் வாளுமாக இருந்தது அதன் நிலை. மறு ஆண்டு, 1780-இல், ஐதர் கர்நாடகத்தின்மேல் படையோடு இறங்கினார். தூது வீணாயிற்று.

திரும்பும்போது ஐதர் வழிச் செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். அதை மறுத்தால் அரசரை இழிவுபடுத்தியதாகும் என்று அருகிலிருந்தோர் கூறினர். வாங்கி வந்தார், சென்னை வந்ததும் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அரசாங்கம் அதை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிற்று. அப்படியானால் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அது முதலாக இருக்கட்டும் என்றார். தூது சென்றதற்குக் கைம்மாறாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய தம் உடன்பணியாளர் போலே என்பவருக்கு ஊதியம் தருமாறு வேண்டினார். தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

அந்த முந்நூறு ரூபாயை அவர் வைத்துக்கொண்டிருந்தால் யாரும் குற்றம் கூறியிருக்க மாட்டார்கள். அக்காலக் கணக்கில் அது அற்பத் தொகை. கும்பினி அதிகாரிகள் ஒரு விருந்துக்குச் செலவிடுவது. ஆனால் நான் நினைக்கிறேன், இரண்டாண்டு கழித்துத் தஞ்சைக் குடிகள் ஆயிரம் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்ததற்கும் இந்த முந்நூறு ரூபாய்க்கும் தொடர்பு இருக்கிறது. இவர் கை நீட்டி வாங்காதவர் என்பது நாடெங்கும் தெரிந்திருந்தது. ஐதருக்கும் தெரிந்திருந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, பாதிரியார் எங்கு போனாலும் தடுக்காதீர்கள் என்று தம் படைத்தலைவர்களுக்கு அவர் ஆணையிட்டார். இரு பகைவரும் நம்பிய ஒரு மனிதர் அவர்.

போர் ஓய்ந்த பின்பும் தஞ்சை நாட்டுக்கு விடிவு வரவில்லை. வரி வசூலித்த அதிகாரிகள் குடிகளைக் கசக்கிப் பிழிந்தார்கள். உழவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு எல்லை கடந்தார்கள்; அவ்வாறு வெளியேறியவர் 65,000 பேர் என்று ஒரு கணக்குக் கூறுகிறது. மன்னர் திரும்பி வரச் சொன்னார், வரவில்லை. சுவார்ட்ஸ் சொன்னார், நியாயம் கிடைக்கும் என்று. ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். ஜூனில் தொடங்கியிருக்க வேண்டிய உழவைச் செப்டம்பரில் தொடங்கினார்கள். பருவம் தவறிவிட்டது என்றபோது, எங்களுக்காக நீங்கள் உழைத்தீர்கள், உங்களுக்காக நாங்கள் இரவு பகலாக உழைப்போம் என்று அவர்கள் கூறியதாக அவரே எழுதியிருக்கிறார். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குப் பருவம் தவறிய உழவு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதுவரை பணத்தைப் பற்றியே பேசினேன். நேர்மை பணத்தோடு முடிவதன்று. தஞ்சையில் ஓர் ஆங்கில அதிகாரியோடு மணம் இன்றி வாழ்ந்த மராட்டியப் பிராமண விதவை ஒருவர் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். அந்த வாழ்க்கை நீடிக்கும்வரை இயலாது என்று சுவார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி கும்பினியின் படையைச் சேர்ந்தவர். மனம் கோணினால் இவருக்குத் தொல்லை தரக்கூடியவர். அதை அவர் பொருட்படுத்தவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல், அந்த அம்மையார்க்கு ஞானஸ்நானம் அளித்தார். கிளோரிந்தா என்ற பெயரோடு பாளையங்கோட்டையில் வாழ்ந்த அவர், அங்கே ஒரு கோயில் கட்டினார். அதை 1785-இல் அர்ச்சிக்கச் சுவார்ட்ஸே சென்றார். திருநெல்வேலிச் சீமைத் திருச்சபையின் வரலாறு அங்கிருந்துதான் எழுதப்படுகிறது. சுவார்ட்ஸின் மறுப்பு அந்த அம்மையாருக்கு எவ்வளவு துன்பம் தந்திருக்கும் என்பதையும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. துணையற்ற விதவைக்கு வேறு போக்கிடம் என்ன இருந்தது? எளிதான கேள்வியன்று.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் உவப்பானது அவருடைய பள்ளிக்கூடப் பணி. தஞ்சையில் கும்பினியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன் என்பாரோடு சேர்ந்து, தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை முதலிய இடங்களில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகளை அவர் தொடங்கினார். 1787-இல் கும்பினி இயக்குநர்கள் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் தர இசைந்தார்கள். மெக்காலேயின் பெயரை மனப்பாடம் செய்பவர்கள், அவருக்கு ஏறக்குறைய ஐம்பதாண்டு முன்னரே சிவகங்கையில் ஆங்கிலப் பள்ளி இருந்ததை அறிய வேண்டும். அப்பள்ளிகளுக்குப் பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளே வந்தார்கள். அவர்களைச் சூழ்ச்சியால் மதம் மாற்றும் முயற்சி எதுவும் அங்கே கூடாது என்பதில் சுவார்ட்ஸ் உறுதியாக இருந்தார். தம் சமயத்தைப் பரப்பவே கடல் கடந்து வந்தவர் அவர். தெருவில் நின்று வெளிப்படையாகப் பேசினார், வாதிட்டார். ஆனால் ஆங்கிலம் கற்பிக்கிறோம் என்று சொல்லி அழைத்த பிள்ளையிடம் வேறொன்றை மறைவாகத் திணிப்பது அவருக்கு ஏமாற்று வேலையாகப் பட்டது.

நான் அவர் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லேன். ஆகவே இந்த ஒரு செய்தி எனக்கு அவருடைய மற்றச் செயல்கள் எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தோன்றுகிறது.

1787-இல் துளஜா மன்னர் நோயுற்றார். பிள்ளை இல்லாமையால் பத்து வயதுச் சரபோஜியைத் தத்தெடுத்தார். சுவார்ட்ஸை வரவழைத்து, இவன் என் மகன் அல்லன், உம் மகன், உம் கையிலேயே ஒப்படைக்கிறேன் என்னும் பொருள்பட வேண்டினார். நாட்டை ஆளும் பொறுப்பும் அதனோடு சேர்ந்தே வரும். தஞ்சை நாட்டின் வருவாயையும் கருவூலத்தையும் கற்பனை செய்து பாருங்கள். சுவார்ட்ஸ் மறுத்தார். பிள்ளைக்கு என்னால் இயன்ற நன்மையெல்லாம் செய்வேன். ஆனால் ஆட்சி என் வேலையன்று. திங்களுக்கு ஒருமுறை இருமுறை வந்து பார்க்கத்தான் என்னால் இயலும். அரண்மனைக்குள் பிள்ளையின் உயிருக்குக் காவல் யார்? தங்கள் தம்பி அமர்சிங் இருக்கிறாரே, அவரிடம் ஒப்படையுங்கள் என்று அறிவுரை கூறினார்.

இந்த அறிவுரையைப் பற்றி வரலாற்று மாணவர்கள் விவாதிக்கலாம். ஏனெனில் அதன் விளைவு நன்றாக அமையவில்லை. மன்னர் மறைந்ததும் பண்டிதர்களிடம் கருத்துக் கேட்டுத் தத்து செல்லாது என்று கும்பினி தீர்மானித்து, அமர்சிங்கையே அரசராக்கியது. அமர்சிங் சிறுவனை அடைத்து வைத்தார். கல்வியும் இல்லை, காற்றும் வெளிச்சமும்கூட இல்லை. ஆட்சியை ஏற்கமாட்டேன் என்று கை கழுவிய சுவார்ட்ஸ், அந்தப் பிள்ளையைக் கை கழுவவில்லை. சென்னைக்கு எழுதினார், மீண்டும் எழுதினார். பிள்ளைக்குக் காவல் ஏற்படுத்தச் செய்தார். 1793-இல் துளஜாவின் மனைவியரோடு சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே சுவார்ட்ஸின் நண்பர் கெரிக்கே அவருக்குக் கல்வி கற்பித்தார். தத்து பற்றிய வழக்கு மறுபடியும் ஆராயப்பட்டது. முந்தைய தீர்ப்புத் தவறென்று முடிவாயிற்று. இவை யாவும் முடிவதற்குப் பத்தாண்டுகள் பிடித்தன.

அவருடைய பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஆசிரியனுக்கு அழகன்று. சுவார்ட்ஸ் தூய கையர்; ஆனால் அவர் தூது சென்றது தூய கையரல்லாத கும்பினிக்காக. அவருடைய நற்பெயரைக் கும்பினி கடன் வாங்கிக்கொண்டது. கர்னல் புல்லர்ட்டன் என்ற படைத்தலைவர் 1787-இல் வெளியிட்ட நூலில், இந்த ஒருவருடைய நேர்மையே ஐரோப்பியர்மீது விழுந்த பழியைத் துடைத்தது என்ற கருத்தை எழுதினார். பாராட்டுத்தான்; ஆனால் அப்பாராட்டினுள் ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கிறது அல்லவா? பழியை ஈட்டியவர்கள் பலர், துடைத்தவர் ஒருவர். சாதி வேற்றுமையையும் அவர் கால் வைத்த திருச்சபை முற்றிலும் களையவில்லை. கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாக அமரும் வழக்கம் அவர் காலத்திலும் நீடித்தது. பொறுமையாக மாற்றலாம் என்று அவர் எண்ணினார். அடுத்த தலைமுறையினர் அதன்பொருட்டுப் பெரும் பூசலிட நேர்ந்தது.

எனினும் அவர் வளர்த்தவர்களைப் பாருங்கள். சத்தியநாதன் என்ற தமிழர் 1790-இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றார். திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் அவர் அழைத்துவந்த ஒரு சிறுவர், பின்னாளில் வேதநாயக சாஸ்திரியார் என்று புகழ்பெற்று, பெத்லகேம் குறவஞ்சி பாடினார். சரபோஜியும் அந்தச் சிறுவரும் ஏறக்குறைய ஒத்த வயதினர். ஒரே ஆசிரியரின் நிழலில் வளர்ந்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவத் தமிழ்ப் புலவரானார். மற்றவர் சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கிய மன்னரானார்.

1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் மறைந்தார். நாற்பத்தெட்டு ஆண்டு காலத்தில் ஒருமுறையேனும் அவர் தம் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. உடனிருந்தவர்கள் ஜெர்மன் மொழியிலும் தமிழிலும் ஞானப்பாடல்கள் பாட, அவரும் சேர்ந்து பாட முயன்றார் என்பர். இளவரசர் சரபோஜி வந்து உடலைக் கண்டு அழுது, துணி போர்த்தினார். சில திங்கள் கழித்து, அதே ஆண்டு ஜூனில், அவருக்கு முடி சூட்டப்பட்டது. மறு ஆண்டே, 1799-இல், உடன்படிக்கை ஒன்றின் மூலம் தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கும்பினி எடுத்துக்கொண்டது. அதைத் தடுக்கச் சுவார்ட்ஸ் இல்லை. இருந்திருந்தால் தடுத்திருப்பாரா, தடுக்கத்தான் முடிந்திருக்குமா என்பது வேறு.

பல ஆண்டுகளுக்கு முன்பு என் மாணவர்களைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, அதன் அருகே சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டியுள்ள கிறிஸ்து நாதர் கோயிலுக்கும் போனோம். சுவார்ட்ஸ் கட்டிய கோயில் அது. உள்ளே வெண் சலவைக்கல்லில் ஒரு சிற்பம். கட்டிலில் முதியவர் ஒருவர் படுத்திருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே நிற்கிறார். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். தலைப்பாகை அணிந்த அரசர் ஒருவர் முதியவரின் கையைப் பற்றியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைக் கேட்டான்: "ஐயா, இந்த ராஜா கிறிஸ்தவரா?" இல்லை, கடைசிவரை தம் முன்னோர் சமயத்திலேயே இருந்தார் என்றேன். "பிறகு ஏன் இங்கே நிற்கிறார்?" என்றான். சிற்பத்தைச் செய்வித்தவரே அவர்தான் என்று சொன்னேன். பையன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லண்டனில் புகழோடு விளங்கிய ஜான் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சரபோஜி மன்னரே சொல்லி வரவழைத்த சிற்பம் அது. சுவார்ட்ஸின் கல்லறை நகரின் மற்றொரு பகுதியில், மகர்நோன்புச் சாவடிக் கோயிலில் இருக்கிறது. அக்கல்லில் பொறிப்பதற்கு மன்னர் தம் கைப்பட ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றினார். கும்பினியாரும் சும்மா இருக்கவில்லை. சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் கோயிலில் தம் செலவில் நினைவுச் சின்னம் ஒன்றை நிறுவினார்கள். அதில் அவர் தங்களுக்குச் செய்த பணிகளை நீளமாக எழுதியிருக்கிறார்கள். சரபோஜியின் செய்யுளோ சிறியது. அதில் தூது இல்லை, ஒப்பந்தம் இல்லை. கைம்பெண்களையும் தாய் தந்தை இல்லாதவர்களையும் பற்றிய பேச்சே இருக்கிறது. கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் உண்ணவும் படிக்கவும் 1807-இல் அம்மன்னர் ஒரு தருமத்தை ஏற்படுத்தினார். அதற்கான செலவு அரண்மனைக் கணக்கிலிருந்தே கொடுக்கப்பட்டது.